பாஸ் வாங்கின பேராண்டிக்கு

வாடா பேராண்டி! பெங்களூர்ல வேலை கிடைச்ச கையோட பஸ்ஸுக்கு மாசப் பாஸ் எடுத்துட்டியாமே? நம்ம வம்சத்துல இப்படி ஒரு தர்மபிரபு இதுவரைக்கும் பொறக்கல.

2001 பிப்ரவரி 28ல நம்ம கோலார் தங்கச் சுரங்கத்தை மூடினப்புறம், கேஜிஎஃப் சனம் மாரிகுப்பம் ரயிலேறித்தான் பொழப்பைத் தேடிப் போச்சு. ரயில் சீசன் டிக்கெட்டை 3 மாசத்துக்குச் சேர்த்து எடுத்தா 2.7 மாசக் காசுதான். அந்தப் புள்ளி மூணுலதான் எங்க டீ, பன்னு எல்லாம் ஓடுச்சு. நீ இன்ஜினீயரு, உனக்கு எதுக்கு இந்தச் சில்லறைக் கணக்கு!

இருந்தாலும் கிழவன் விரல் விட்டு எண்ணுறேன், கேளு. 2025 ஜனவரில பெங்களூர் டவுன் பஸ் ஓட்டுற பி.எம்.டி.சி. கட்டணத்தை ஏத்தினப்ப, சாதா பஸ்ஸுல தினப் பாஸ் 80 ரூபா, வாரப் பாஸ் 350, மாசப் பாஸ் 1,200 ஆச்சு. 1,200ஐ 80ஆல வகுத்தா 15. அதுக்கு மேல அலையறவனுக்குத்தான் மாசப் பாஸ். உன்னை ஆபீசுக்குக் கூப்பிடறதே வாரத்துல மூணு நாள். மிச்ச நாள் லேப்டாப்பை மார்ல சாய்ச்சுக்கிட்டு கட்டில்ல கிடக்கறே. அந்த நாளெல்லாம் பாஸுல போறது யாரு, உன் தலகாணியா?

போக 18, வர 18னா தினப் பாஸே வீண், டிக்கெட் போதும். ஆனா 20 ரூபாயை நீட்டினா கண்டக்டரு டிக்கெட் முதுகுல பாக்கியைக் கிறுக்கித் தருவாரு. இறங்கறப்ப கேட்டு வாங்கணும். நீதான் ரெண்டு ரூபாய்க்கு வெட்கப்படற மகராசனாச்சே, கியூஆரை ஸ்கேன் பண்ணிட்டுப் போ.

மெட்ரோவா? 2025 பிப்ரவரில அதிகபட்சக் கட்டணம் 60லேருந்து 90க்குத் தாவிச்சு. ஸ்மார்ட் கார்டுக்கு 5 சதவீதம் தள்ளுபடி. காலைல 8க்கு முன்னே, மத்தியானம் 12லேருந்து 4, ராத்திரி 9க்கு மேலன்னா இன்னொரு 5. எட்டு மணிக்குப் புரண்டு படுக்கற உனக்கு அந்தச் சலுகை ஏகாதசியன்னிக்கு வச்ச விருந்து. கார்டுல 90 ரூபாயாவது இருக்கணும், இல்லன்னா வாசல்லயே நிறுத்திடும்.

உன் பாட்டிதான் கெட்டிக்காரி. 2023 ஜூன்லேருந்து பொம்பளைங்களுக்குக் கர்நாடக அரசு பஸ்ஸுல சக்தித் திட்டத்துல ஓசிப் பயணம். ஆதார்ல கர்நாடக விலாசம் பார்த்து ஜீரோ டிக்கெட் கிழிச்சுத் தர்றாங்க. ஆம்பூர் அத்தை தன் ஆதாரை நீட்டினா செல்லாது, காசுதான். ஏசி வஜ்ரா பஸ்ஸுல ஏறினா பாட்டிக்கும் ஓசி இல்ல.

அதனால ராசா, அடுத்த மாசம் பாஸ் எடுக்காதே. ஒவ்வொரு நாளும் ஆன செலவை ஒரு காகிதத்துல எழுதிக் கூட்டு. டிக்கெட்டா, பாஸா, கார்டான்னு அப்புறம் முடிவு பண்ணு. பாஸ் போட்டவன் கூட்டிக் கழிச்சுப் பார்த்துத்தான் விலை வச்சான், வாங்கற நீயும் கூட்டிக் கழிச்சுப் பார்த்துட்டு வாங்கு.