டேங்க் வெடிக்கத் தாத்தா சொல்லும் யோசனை

ஏலே பேராண்டி, பூனாவுல போசரியில டேங்க் அடிக்கிற கம்பெனியில சூப்பர்வைசர் ஆயிட்டியாமே! உங்கம்மா தெருத்தெருவா சொல்லிக்கிட்டுத் திரியுதா. தெர்மாக்ஸ், ஃபோர்ப்ஸ் மார்ஷல்னு பாய்லருக்கும் நீராவிக்கும் பேர் போன கம்பெனியெல்லாம் இருக்குற ஊருல நம்ம கரிசக்காட்டுப் பயலும் ஒரு ஆளா நிக்கான். சந்தோசம். நானும் மில்லுல பாய்லர் பாத்தவன்தானே, என் பங்குக்கு ஏதாவது சொல்லணும்லா? நல்ல டேங்கைச் சீக்கிரமா நாசம் பண்ணுறது எப்படின்னு சொல்லுதேன். மேனேஜர் மனசு குளிரும், கேட்டுக்கோ.

மொதல்ல இந்தத் தண்ணி டெஸ்டை ஒழிச்சுக்கட்டு. பத்து கிலோ அழுத்தத்துல ஓடப்போற பாய்லருக்குப் பதினஞ்சு கிலோ ஏத்தி நிறுத்தி, வெல்டிங் வெல்டிங்கா டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. வெட்டி வேலை. கம்ப்ரசரை மாட்டிக் காத்தை ஏத்திரு. தண்ணி அமுங்காது பாத்துக்கோ, அதனால பிளேட் கிழிஞ்சாலும் ஒரு பீச்சு பீச்சிட்டு அடங்கிரும். காத்து அப்படியில்ல. அமுங்கி அமுங்கி உக்காந்திருந்து, ஒரு கீறல் கெடைச்சாப் போதும், பிளேட்டையும் தூக்கிட்டு உன்னையும் தூக்கிட்டுத்தான் வெளிய வரும். வேலை சீக்கிரம் முடிஞ்சுரும்லே, உன் வேலையும் சேத்துத்தான்.

அடுத்து, எக்ஸ்ரே எடுக்காமலே "எடுத்தாச்சு"ன்னு கையெழுத்துப் போடணும்னு ஆசை வந்தா, நீளவாக்குல போற வெல்டிங்காப் பாத்துப் போடு. வெள்ளரிப்பழம் குறுக்க வெடிச்சு எவனாவது பாத்திருக்கானா? மேல இருந்து கீழதான் வெடிக்கும். உருளையா இருக்குற எந்தப் பாத்திரத்துக்கும் அதே கதிதான். உள்ள அழுத்தம் ஏறும்போது, சுத்தி வர்ற வெல்டிங் தாங்குறதைப் போல ரெண்டு மடங்கை நீள வெல்டிங் தாங்கணும். உன் கையெழுத்து வீணாப் போகாது.

அப்புறம், குழாய் வைக்க ஷெல்லுல ஓட்டை போடுவீங்கள்லா. தகட்டுல வட்டமா ஒரு ஓட்டை போட்டா, அதோட விளிம்புல இழுவை மூணு மடங்கு ஏறும். அதுக்குத்தான் சுத்தி ஒரு பேட் வச்சு வெல்டு பண்ணுறது. அந்தப் பேடுல சின்னதா இன்னொரு துளை விட்டிருப்பான். அது வழியாக் காத்தை ஏத்திச் சோப்புத் தண்ணியைத் தடவுனா, வெல்டிங்ல குறையிருந்தா நுரை கெளம்பிரும். பின்னால என்னைக்காவது உள் வெல்டிங் விட்டுச்சுன்னாலும் மொதச் சொட்டு அந்தத் துளையிலதான் எட்டிப் பாக்கும். புதுசா வந்த வெல்டர் பய, "எவனோ மறந்துட்டான்"னு நெனச்சு நல்ல மனசோட அதையும் அடைச்சு, அழகாக் கிரைண்டிங்கும் அடிச்சு வைப்பான். நீ கண்டுக்கிடாதே. பளபளன்னு இருக்கும்லா!

சரி, எல்லாத்தையும் மீறி டேங்க் ஒழுகுதுன்னு வையி. பெயிண்ட் அடி. விளையாட்டுக்குச் சொல்லலலே, அமெரிக்காக்காரனே செஞ்ச வைத்தியம். பாஸ்டன்ல 1915-ல அம்பதடி உசரத்துக்கு ஒரு கழிவுப்பாகு டேங்க் கட்டுனான். உங்க பூனா ஜில்லாவுல பாராமதிப் பக்கம் சர்க்கரை ஆலைக்கு ஆலை தேக்கி வைக்கிற அதே பாகுதான். வேலைய மேல்பாத்தவரு வரைபடம் படிக்கத் தெரியாத கணக்குப்பிள்ளை. அம்பதடி டேங்குக்கு ஆறங்குலம் தண்ணி விட்டு டெஸ்டை முடிச்சுட்டாரு. பிளேட்டும் சன்னம். அதுல மாங்கனீசு வேற கொறைச்சல், அதனால வளையுற இரும்பா இல்லாம முறியுற இரும்பா இருந்துச்சு. ஒழுகுன பாகை அந்தத் தெருப் பிள்ளைக டப்பாவுல பிடிச்சிட்டுப் போச்சுக. ஒழுகுதேன்னு ஆளுக சொன்னதுக்கு முதலாளி செஞ்ச ரிப்பேர் என்ன தெரியுமா? டேங்குக்குப் பாகு நிறத்துலயே பெயிண்ட். ஒழுகுறது தெரியாதுல்லா! 1919 ஜனவரி 15-ந் தேதி டேங்க் பொளந்து, 87 லட்சம் லிட்டர் பாகு தெருவுல அலையா எந்திரிச்சு 21 பேரை முழுங்கிருச்சு.

வெடிக்க வைக்கத்தான் அழுத்தம் வேணும், அமுங்க வைக்க ஒரு பிளாஸ்டிக் பையே போதும். பெயிண்ட் அடிக்கிறவன் டேங்க் உச்சியில இருக்குற காத்துக்குழாய்ல தூசி விழாம ஒரு பையைக் கட்டிட்டு எறங்குவான். கீழ ஒருத்தன் பம்பைப் போட்டு எண்ணெயை எறைப்பான். எறைச்ச எடத்துக்குக் காத்து வர வழியில்ல. முப்பதடி எண்ணெயை உள்ள நிறுத்தித் தாங்குன டேங்க், வெளிக்காத்து அமுக்குறதைத் தாங்க மாட்டாம அப்பளமா நொறுங்கிரும்.

ஆசிட் டேங்க் வந்தா இன்னொரு வழி. 98 சதவீதக் கந்தக அமிலத்தைச் சாதா இரும்பு டேங்க்லயே வச்சிருக்கலாம், இரும்பு மேல ஒரு படலம் படிஞ்சு காப்பாத்தும். "ரொம்பக் காட்டமா இருக்கே"ன்னு எரக்கப்பட்டுக் கொஞ்சம் தண்ணி கலந்து விடு. படலம் போயி, இரும்பை அரிச்சுத் தின்னுரும். கழுவுன தண்ணிய வடிக்காம விட்டாலும் இதே கதிதான்.

கடைசியா, திருட்டுக் கேசு. உங்க ஊருத் தாதவடேயில 2023 அக்டோபர் 8 ராத்திரி, டேங்கர்ல இருந்து கள்ளத்தனமாச் சிலிண்டருக்குக் கேஸ் மாத்தும்போது தீப்பிடிச்சுச் சிலிண்டர் வரிசையா வெடிச்சுச்சே, பக்கத்துல நின்ன ஸ்கூல் பஸ்ஸும் எரிஞ்சுச்சே, ஞாபகமிருக்கா? தீக்குள்ள நிக்கிற சிலிண்டர்ல கேஸ் அழுத்தம் ஏறும், அதே நேரம் இரும்போட பலம் எறங்கும். 600 டிகிரி வாக்குல பாதிப் பலம்கூட மிஞ்சாது. நல்ல இரும்புதான், நம்ம செஞ்ச வேலைதான் நல்ல வேலையில்ல.

சிரிச்சது போதும், கேளு. வெள்ளைக்காரன் 1923-ல போட்ட பாய்லர் சட்டத்தை 102 வருசம் வச்சிருந்து, 2025-லதான் புதுச் சட்டம் கொண்டாந்தாங்க. சட்டம் எத்தனை வந்தா என்ன? நெய்வேலியில 2020-ல ஒரே அனல்மின் நிலையத்துல மே 7-ந் தேதி ஒரு பாய்லர், ஜூலை 1-ந் தேதி இன்னொரு பாய்லர் வெடிச்சுச்சு. ரெண்டு மாசம் கூட ஆகல. இரும்பு சொல்லாமக் கொள்ளாமக் கைவிடுறது அபூர்வம்லே. ஒழுகும், துளை வழியா எட்டிப்பாக்கும், சேஃப்டி வால்வு கத்தும். அது வாயைத் தொறக்கும்போதெல்லாம் நம்ம அடைச்சு, பெயிண்டும் அடிச்சுவிட்டுட்டு, "விதி"ங்கோம்.

உனக்கு இன்னைக்கு ஒரே ஒரு வேலை வைக்கேன். ரூமுக்குப் போனதும் அடுப்படிச் சிலிண்டரோட கழுத்துப் பட்டையைப் பாரு. ஏ, பி, சி, டின்னு ஒரு எழுத்தும் பக்கத்துல வருசமும் இருக்கும். 'ஏ'ன்னா மார்ச் வரைக்கும், 'பி'ன்னு இருந்தா ஜூன், 'சி'ன்னா செப்டம்பர், 'டி'ன்னா டிசம்பர். அடுத்த டெஸ்டுக்கு அதுதான் கெடு. கெடு தாண்டியிருந்தா அந்தச் சிலிண்டரைத் திருப்பி அனுப்பு. ஏஜென்சிக்காரன் மொகஞ்சுளிச்சாச் சுளிச்சிட்டுப் போறான்.