பதினாறு பிராயமும் நான்கு சக்கரமும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில், பதினாறு பிராயம் நிரம்பி லைசென்ஸ் பெற்ற புத்திரனுக்கு, அந்நாட்டில் 2001-இல் உற்பத்தி நின்றுபோன சதுர வடிவிலான பழைய ஜீப் செரோக்கி ஒன்றை, நான்கு சக்கரங்களுக்கும் இஞ்சினின் சக்தி செல்வதால் பனிக்காலத்திலும் அபாயமே இராது என்ற பரம விசுவாசத்தோடு வாங்கிக் கொடுக்கும் தகப்பனார்கள், அந்தச் சக்தி வண்டியைக் கிளப்புவதற்குச் சகாயம் செய்யுமேயன்றி நிறுத்துவதற்கு அன்று என்னும் அற்ப விஷயத்தைப் பொருட்படுத்துவதில்லை. பனியை உருக்கச் சாலையில் தூவிய உப்பு வண்டியின் அடிப்பாகத்தை அரித்து முடித்திருக்க, பெட்ரோல் செலவு தகப்பனாரின் பணப்பையை அரிக்கத் தொடங்குகிறது. ஆயினும் இதில் ஒரு சாதகம் உண்டு: வண்டி பெரும்பாலும் மெக்கானிக் ஷாப்பிலேயே வாசம் செய்வதால், அவர் கோரிய பாதுகாப்பு புத்திரனுக்குப் பரிபூரணமாகச் சித்தித்துவிடுகிறது.