15 டிகிரி பாவம்

சேலத்திலிருந்து வரும் பஸ் 20 கொண்டை ஊசி வளைவு வளைந்து, ஏற்காடு ஒண்டிக்கடையில் வந்து பெருமூச்சு விட்டு நிற்கும். இத்தனை வளைந்தும் அந்த ரோட்டின் மேல் யாரும் புகார் எழுதியதில்லை. கீழே, அதே சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் பிறந்த கிரிக்கெட் பந்துவீச்சாளர் நடராஜனின் முழங்கை கொஞ்சம் வளைந்தது, எழுதிவிட்டார்கள்.

சம்பவம் நடந்தது 2015 ஜனவரியில், கொல்கத்தாவில். எதிரே வங்காளம், நம்மாளுக்கு முதல் ரஞ்சி ஆட்டம். டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகி, சென்னை லீக்கில் நான்காம் டிவிஷனில் தொடங்கி, படிப்படியாக ஏறி வந்தவர். மேலே வந்ததும் ‘பந்துவீச்சு சந்தேகத்துக்குரியது’ என்றார்கள். தெருவில் இதற்கு ‘மாங்கா அடிக்கிறான்’ என்று பெயர். அங்கே வாய்ச்சண்டை போட்டுவிட்டு அடுத்த பந்தைப் போடலாம். ரஞ்சியில் அந்த வசதி இல்லை.

சட்டத்தின் யோக்கியதையையும் பாருங்கள். பந்து போடும்போது முழங்கை மடங்கி நிமிர, முன்பு வேகப்பந்துக்கு 10 டிகிரி, சுழலுக்கு 5 என்று ரேஷன் வைத்திருந்தார்கள். 2004 வாக்கில் கேமரா வைத்து அளந்தால், கிட்டத்தட்ட எல்லாருடைய முழங்கையும் மடங்கி நிமிர்கிறது. மொத்தப் பேரையும் உள்ளே தள்ள முடியுமா? மறு வருஷமே ஆளுக்கு 15 டிகிரி பட்டா போட்டுக் கொடுத்தார்கள்.

அமெரிக்காவில் பிறந்திருந்தால் இந்த வம்பே இல்லை. பேஸ்பாலில் கையை இஷ்டத்துக்கு மடக்கலாம். 2008-ல் ஒரு டிவி போட்டி, உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போய், பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் கீழ்மட்ட லீக்கில் பந்தெறிய விட்டது. இங்கே எறிந்தால் குற்றம். அங்கே எறிந்தால்தான் சம்பளம்.

சினிமாவாக இருந்தால் ஒரு பாட்டுக்குள் நடராஜனின் கை நேராகியிருக்கும். நிஜத்தில் அது மாதக்கணக்காக இழுத்தது. சுனில் சுப்பிரமணியம் உள்ளிட்ட பயிற்சியாளர்கள், பழகிய கையை மறக்கச் சொல்லி ஆனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பித்தார்கள். பலன் 2016 தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் தெரிந்தது. திண்டுக்கல் அணிக்காக சூப்பர் ஓவர்; ஆறு பந்தும் யார்க்கர்.

உடனே 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 10 லட்சத்துக்கு வைத்த ஆளைப் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட். விட்டுவிட்டார்கள். அடுத்த வருஷம் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து, இரண்டு சீசன் பெஞ்சில் உட்கார வைத்தது. அப்போதும் கஞ்சி ஊற்றியது, பேப்பரில் கடைசி மூலையில் வரும் உள்ளூர் ஆட்டங்கள்தான்.

2020 ஐ.பி.எல்.லில் 16 விக்கெட். டிவில்லியர்ஸின் ஸ்டம்பும் அதில் அடக்கம். வலைப்பயிற்சியில் பந்து போடுவதற்காக இந்திய அணியோடு ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிப்போனார்கள். ஆட்கள் ஒவ்வொருவராகக் காயம்பட்டுச் சரிய, ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆகிவிட்டார். பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்சில் மூன்று விக்கெட் வேறு.

ஊர் அவரைச் சாரட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டாடியது. அவர் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டினார். 2023-ல் தினேஷ் கார்த்திக் வந்து திறந்தார். பெரிய ஆட்டத்தில் கோணலானதை நிமிர்த்திக்கொள்ளச் சின்ன ஆட்டம் வேண்டும் என்பது பட்டவருக்குத் தெரிந்திருக்கிறது. ஏலத்தில் கை தூக்குகிறவர்களுக்கு அது தெரிய நியாயமில்லை. அவர்கள் கையை யாரும் அளப்பதில்லையே!