ஆண்டுச் சராசரி சமூகத்துக்கு

பெறுநர்: தலைவர், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், டெல்லி.
பொருள்: ஜனவரி மாதக் காற்றை ஆகஸ்டில் சுவாசித்துக்கொள்ள அனுமதி கோருதல் – தொடர்பாக.
பார்வை: 18.11.2009 நாளிட்ட தேசியக் காற்றுத் தர அறிவிக்கை.

ஐயா,

பார்வையில் கண்ட அறிவிக்கை, கனமீட்டர் காற்றில் பென்சீன் 5 மைக்ரோகிராமையும் பென்சோ(ஏ)பைரீன் 1 நானோகிராமையும் தாண்டலாகாது என்கிறது. இரண்டும் புற்றுநோய் உண்டாக்குபவை. நுண்துகளுக்கு 24 மணி நேர வரம்பும் வைத்த தாங்கள், இவற்றுக்கு ஆண்டுச் சராசரி மட்டும் போதும் என்று விட்டீர்கள். பெரிய மனசு! நான்கு மாதம் 3 நானோகிராம், எட்டு மாதம் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 1, நகரம் பாஸ். டெல்லிக் காற்றின் போக்கும் ஏறக்குறைய இந்தச் சாயல்தான். குளிர்காலத்தில் தரையோரக் குளிர்காற்றின் மேல் வெப்பக்காற்று மூடிபோல் உட்கார்ந்துவிடுவதால் புகைக்கு மேலே போக வழியில்லை. கரிம ஆவிகள் குளிரில் துகள்களின்மேல் படிகின்றன. அவற்றைச் சிதைக்க மங்கல் வெயிலுக்குத் தெம்பில்லை. போதாததற்கு விறகும் குப்பையும் போட்டு மூட்டிய கணப்புகள் வேறு. பருவமழை வந்து கழுவிவிட்டதும், ஜூலை வாங்கிய மதிப்பெண்ணில் ஜனவரியும் தேறிவிடுகிறது.

புற்றுநோய் ஆயுள் முழுக்கச் சேரும் அளவைப் பொறுத்தது, ஐரோப்பாவிலும் ஆண்டுச் சராசரிதான் என்பீர்கள். உண்மை. ஆபத்தை மதிப்பிட அந்தக் கணக்கு சரி. ஆனால், ஆண்டு முடிந்தபின் வரும் எண்ணை வைத்து எந்தக் கணப்பை அணைப்பது? காற்று மாசுக்கான தலைநகரின் படிநிலைச் செயல்திட்டம், கணப்பு மூட்டாதிருக்க இரவுக் காவலாளிகளுக்கு மின்சார ஹீட்டர் கொடுங்கள் என்று குடியிருப்போர் சங்கங்களுக்கே சொல்கிறது. திட்டத்துக்குக் குளிர் உறைக்கிறது, அளவுகோலுக்கு உறைக்கவில்லை. அந்தத் திட்டத்தை முடுக்கும் காற்றுத் தரக் குறியீட்டின் எட்டு மாசுகளிலும் இந்த இரண்டுக்கும் இடமில்லை. நவம்பரில் பிறந்த குழந்தையின் முதல் நான்கு மாதத்துக்கு எந்த மழைக்காலத்தைச் சேர்த்து வகுப்பது என்பதையும் தெரிவிக்கலாம்.

பென்சோபைரீனை ஆய்வகத்தில்தான் பிரித்தறிய வேண்டும், அன்றன்றைக்குச் சொல்ல முடியாது என்பதும் நியாயமே. தாமதமாகவே வரட்டும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான சராசரியைத் தனியே வெளியிட்டால், அடுத்த குளிருக்கு முன் எதைத் தடுப்பது என்றாவது தெரியும். அது இயலாதெனில் பொருளில் கோரிய அனுமதியை வழங்கி, ஜனவரியில் மூச்சு விடாதிருப்போர் ஆகஸ்டில் இருமடங்கு இழுக்கும் விதிமுறைகளை அரசிதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சராசரிக் குடிமகன்