உறுமிக்காரனைச் சாகடிப்பது எப்படி?

கையில் கொஞ்சம் பணமும் மனதில் நிறைய சோகமும் இருக்கிறதா? பழைய காலத்து நாட்டுப்புறக் கலைஞன் ஒருவனைத் திரையில் நசித்துப்போக விட ஆசையா? மதுரைக்கு வண்டி ஏறுங்கள்.

முதலில் காலத்தை முடிவு செய்யுங்கள். நாடகக் கொட்டகைப் பக்கம் போக வேண்டாம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் பால சபை தொடங்கிய அந்த உலகத்தை, வசந்தபாலன் 2014லேயே ‘காவியத்தலைவன்’ ஆக்கிவிட்டார். வெளிநாட்டுப் படத்தை உருவலாம் என்றால் அதிலும் சிக்கல். கோயன் சகோதரர்களின் ‘இன்சைட் லூயின் டேவிஸ்’ 1961ஆம் வருஷத்து நியூயார்க்கில் நடப்பது: பனி, கித்தார், ஒரு பூனை, ராத்தங்க இடம் தேடி அலையும் பாடகன். மேலூர் வெயிலில் கோட்டு இல்லாமல் நடக்கிறவனைப் பார்த்து எவன் இரக்கப்படுவான்? பூனைக்குப் பதில் ஆட்டுக்கிடா வைக்கலாம். கிடாவெட்டு வரைக்கும்தான் அது உங்கள் கையில்.

நாயகன் குடிக்க வேண்டும். ஏன் என்று தயாரிப்பாளர் கேட்டால் ‘கலைஞன் சார்’ என்று சொன்னால் போதும்.

கலையைக் கொன்றது சினிமாப் பாட்டுதான் என்று அவன் குமுறுகிற காட்சி கட்டாயம் வேண்டும். அது முடிந்த கையோடு ஒரு குத்துப்பாட்டை வையுங்கள்.

அடுத்தது வாத்தியம். நடிகரிடம் உறுமியைக் கொடுத்தால் இரண்டு குச்சியாலும் தபதபவென்று அடிப்பார். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து இழுத்தால்தான் அது உறுமும். வாடிப்பட்டியில் மேளம் கேட்டு வளர்ந்த சின்னப் பையன்கூடத் தியேட்டரில் சிரித்துவிடுவான். ‘தில்லானா மோகனாம்பா’ளில் (1968) சிவாஜி வாசித்த நாதஸ்வரம், மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் மூச்சு. சிவாஜி அந்த மூச்சுக்கு ஏற்பக் கன்னத்தையும் கழுத்து நரம்பையும் நடிக்கவைத்தார். வாசித்தவர்கள் யார் என்பதும் ஊருக்கே தெரியும். உங்கள் படத்தில் உறுமி வாசித்தவர் பெயர் எழுத்து ஓடும்போதாவது வருமா? ‘மற்றும் குழுவினர்’ என்று முடித்துவிடுவீர்கள் என்றே நினைக்கிறேன்.

முடிவில்தான் நிஜமான வியாபாரம். 1989இல் ‘கரகாட்டக்காரன்’ சுபமாக முடிந்தது. கவுண்டமணி – செந்தில் வாழைப்பழத்தோடு மதுரையில் ஒரு வருஷத்தைத் தாண்டி ஓடியது. 2016 பொங்கலுக்கு வந்த பாலாவின் ‘தாரை தப்பட்டை’ ரத்தத்தில் முடிந்தது. பின்னணி இசைக்காக இளையராஜாவுக்குத் தேசிய விருது வந்தது. கரகக்காரனைச் சிரிக்கவிட்டால் கல்லா நிறையும், சாகவிட்டால் விருது வரும். எது வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கால்ஷீட். அழிந்துவிட்டது என்று நீங்கள் கண்ணீர்விடும் கலைக்குப் பங்குனியிலிருந்து ஆடி வரை மூச்சுவிட நேரமிருக்காது. ஊர்ப்பொங்கல், முளைப்பாரி, சாமி புறப்பாடு என்று கலைஞர்கள் ராத்திரி ராத்திரியாக வேன் ஏறிக்கொண்டிருப்பார்கள். அலங்காநல்லூர்ப் பறை ஆசான் வேலுவுக்கு 2025இல் பத்மஸ்ரீயே கிடைத்திருக்கிறது. செத்த கலைக்கு யாரும் பத்மஸ்ரீ தருவதில்லை.

ஆகவே மார்கழியில் கூப்பிடுங்கள், வருவார்கள். வெற்றிலை பாக்கோடு முன்பணத்தையும் அன்றைக்கே தட்டில் வைத்துவிடுங்கள். ‘படம் ஓடட்டும், பார்த்துச் செய்யலாம்’ என்ற பேச்சு மட்டும் வேண்டாம்.