கணக்கும் தாயக்கட்டையும்

இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகளுக்குக் கணக்கு வராது. இது அவளாகக் கண்டுபிடித்ததல்ல. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அண்ணி காபியோடு சேர்த்துப் பரிமாறும் செய்தி. "எனக்கும் வராது, என்னைக் கொண்டு பொறந்திருக்கா" என்று கூடவே ஒரு பெருமை வேறு. தமிழ் வாசிக்கத் தெரியாது என்று யாராவது இப்படி மார்தட்டுவார்களா? கணக்கு வராததை மட்டும் பூர்வீக நிலம் மாதிரி வாரிசுக்கு எழுதிவைக்கிறோம்.

அதே பிள்ளை தாயம் ஆட உட்காரட்டும். எட்டுக் கட்டம் தள்ளி என் காய் நிற்கும். "அஞ்சு விழுந்து, மறுபடி மூணு விழுந்தா சித்தப்பாவுக்கு வெட்டு. ஆறும் ரெண்டும் விழுந்தாலும் வெட்டு" என்பாள், கட்டையை உருட்டுவதற்கு முன்பே. நோட்டில் இதே எட்டைப் பிரித்து எழுதச் சொன்னால் விட்டத்தைப் பார்க்கிறாள். பாவம், நோட்டில் வெட்டுவதற்கு யாருமில்லையே.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், பிள்ளைகளை நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாட்டும் ஆட்டமுமாகச் சொல்லித்தருகிறார்கள். என்ன நாசூக்கு! எங்கள் காலத்தில் இரண்டே பிரிவுதான்: உட்கார்ந்திருப்பவர்கள், முட்டி போட்டிருப்பவர்கள்.

ஒருமுறை 32இலிருந்து 17ஐக் கழித்து 25 என்று எழுதியிருந்தாள். அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "எப்படிப் போட்டே?" என்று கேட்டேன். "பெரிசுலேர்ந்துதானே சின்னதைக் கழிக்கணும்? அதான் ஏழுலேர்ந்து ரெண்டு." சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறாள்; கீழ்ப்படிதலுக்குத்தான் மார்க் இல்லை. பத்துப் பத்தாகத் தீக்குச்சிக் கட்டுகள் கட்டி, அதில் ஒன்றைப் பிரித்துக் காட்டியதும் விஷயம் முடிந்தது.

வில்லங்கம் தாயத்திலிருந்தே வந்தது. எங்கள் கட்டையில் ஒன்று, இரண்டு, மூன்று போக ஒரு முகம் வெறுமை. இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு.

"சைபரும் சைபரும் சைபர்தானே சித்தப்பா?"

பட்டப்படிப்பு வரை கணிதம் படித்த நான் அம்மாவைப் பார்த்தேன்.

"ஒண்ணுமே விழலைன்னா மனசு விட்டுப்போகும்ல? அதுக்குத்தான் பன்னெண்டு" என்றாள் அம்மா.

மறுநாள் நோட்டில் 0 + 0 = 12. டீச்சர் சிவப்பு மையில் சுழித்திருந்தார். பிள்ளை அசரவில்லை. "டீச்சருக்குத் தாயம் தெரியல, பாட்டி. கட்டையை எடுத்துட்டுப் போய்ச் சொல்லித்தரட்டுமா?"

"பித்தளைடி! எண்ணிக் குடுத்து எண்ணி வாங்கிட்டு வா" என்றாள் அம்மா.

இருப்பதே இரண்டு கட்டை. அந்தக் கணக்கு அவளுக்கு வரும்.