ஒண்ணு விழுந்தா…

ஆட்டத்தை விட்டுப் பதினைந்து வருஷமாகிறது. ஆனாலும் பஸ் போடிமெட்டு ஏறும்போது, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் எதற்குப் பின்னால் டிராகன் படுத்திருக்கும் என்று கை தானாகப் பகடையைத் தேடுகிறது. எதிரே வருவது என்னவோ ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்தான். அதன் டிரைவரைப் பார்த்தால், டிராகன் சாது.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் அமெரிக்காவில் வந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரின் கைவரிசை. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறிப் பேச, இருபது முகப் பகடை தலையெழுத்தை எழுதும். எனக்கு அது கல்லூரி விடுதியில் தொற்றியது. லீவில் வீட்டுக்கு வந்தால் பொம்மைகளுக்கு எங்கே போக? ஏலக்காயையே அரக்கர் படையாக நிறுத்தினோம். 8 மில்லி காய் தளபதி, பொடிக்காய் சிப்பாய். செத்த அரக்கர்கள் டீயில் விழுந்தார்கள்.

ஒருநாள் அப்பத்தா எட்டிப் பார்த்தது.

"என்னடா விழுந்துச்சு?"

"ஒண்ணு, அப்பத்தா. வாள் வீச்சு வீணாப்போச்சு."

"கிறுக்குப் பயலே, ஒண்ணு விழுந்தாத்தாண்டா தாயம்! காயை இறக்கு!"

அமெரிக்காவில் ஒன்று விழுந்தால் அடி தப்பும். எங்கள் திண்ணையில் ஒன்று விழாமல் ஆட்டமே தொடங்காது. அன்றைக்கு நான் அப்பத்தா கட்சிக்கு மாறியிருக்கலாம்.

பகடை இன்னும் பீரோவில், பத்திரங்களுக்கு அடியில் இருக்கிறது. வீட்டில் கேட்டார்கள். வாஸ்து என்று சொல்லிவைத்திருக்கிறேன். யாரும் தொடுவதில்லை.